பின் கதவுக்கு இரண்டு வரி பீடிங்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் கொடுங்கள் தம்பி. படித்துவிட்டீர்கள்தானே? சினிமாப் பக்கம் மட்டும் போதும். இதை இப்படி எட்டாக மடித்து, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சந்தில் சொருக வேண்டும். கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள். ம். கடகடவென்று அடித்துக்கொண்டு வந்ததே, நின்றுவிட்டதா? பஸ் முழுக்க இப்படிச் செய்ய டெப்போவில் ஓர் ஆளைப் போட்டால் போதும். யார் செய்கிறார்கள்?

நீங்கள் தென்காசியிலிருந்து வருகிறீர்கள் போல. ராஜபாளையமா? நானும் அங்கேதான்.

எனக்குக் கார் இருக்கிறது. பொய் இல்லை, வீட்டில் நிற்கிறது. கார் இருந்தும் ஒரு மனிதன் பஸ்ஸில் இடிபட்டு வருகிறான் என்றால் காரணம் இருக்கும் அல்லவா? என் மச்சினன் உத்தரவு. கடையநல்லூரில் இருக்கிறான், நெல்லையப்பன் என்று. "வந்தா பஸ்ல வாங்க அத்தான். அந்த வண்டி எங்க தெருவுக்குள்ள வரக் கூடாது" என்று போனில் சொன்னான். வண்டி என்ன பாவம் செய்தது? என் வீட்டுக்காரி வடிவு அவன் வீட்டில் இருக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்து, கம்பி வைத்து, இப்போது நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரத்தான் இன்று போனேன். வரவில்லை. நீங்களே பார்க்கிறீர்கள், தனியாகத்தான் வருகிறேன்.

என் பக்கம் என்ன தப்பு என்று நீங்கள் சொல்லுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பாதியில் சொல்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

நான் மில்லில் மேஸ்திரியாக இருந்தவன். நூல் மில். நூற்பு டிபார்ட்மெண்ட். சங்கரலிங்கம் மேஸ்திரி என்றால் எங்கள் பக்கத்தில் தெரியும். உள்ளே போய்விட்டால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. எல்லாம் கைச்சாடைதான். நூல் அறுந்தால் ஒரு சாடை, டீக்குப் போகிறேன் என்றால் ஒரு சாடை, மேனேஜர் வருகிறார் என்றால் மீசையை முறுக்குகிற மாதிரி ஒரு சாடை. அவருக்கு மீசையே கிடையாது, அது வேறு விஷயம். ஆள்காட்டி விரலால் ஓர் இடத்தைக் காட்டி மணிக்கட்டை உதறினால், இங்கே சத்தம் சரியில்லை, வந்து பார் என்று அர்த்தம். அந்தச் சாடைக்கு நான் எந்த மூலையில் இருந்தாலும் ஓடுவேன். எத்தனையோ மிஷினைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அதே பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வடிவு அடுப்படியிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பாள். எனக்குக் கேட்காது. வந்து எதிரில் நின்று வாய்க்கு நேரே கையைக் குவித்துக் காட்டுவாள். சாப்பாடு தயார் என்று அர்த்தம். எங்கள் மகள் செண்பகா பேச்சு வருவதற்கு முன்னால் சாடை கற்றுக்கொண்டாள். ஒரு வகையில் வசதிதான். வீட்டில் கத்தல் கிடையாது.

ஓய்வு பெற்றதும் கார் வாங்கினேன். பழைய வண்டிதான், நல்ல வண்டி. ஆனால் உள்ளே ஒரு சத்தம் இருந்தது. பெரிய சத்தம் இல்லை. ஙீ என்று மெல்லிசாக, மரத்துக்குள் வண்டு குடைகிற மாதிரி. வண்டி ஓடும்போது கேட்கும். நின்றாலும் கொஞ்சம் கேட்கும். என்ஜினை அணைத்த பிறகும் இருக்கும். இரும்பு சூடு ஆறுகிறவரை அப்படித்தான். சில நாள் வீட்டில் படுத்த பிறகுகூட இருக்கும். பகல் முழுக்கக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம்.

வடிவிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலையேங்க" என்றாள். அவளுக்கு எதுவும் கேட்காது. மிக்ஸியே அவளுக்குச் சத்தம் இல்லை.

செண்பகா ஓசூரிலிருந்து போனில், "அப்பா, காது டாக்டரைப் போய்ப் பாருங்கப்பா" என்றாள்.

"காது கேக்காதவன் டாக்டரைப் பாப்பான். கேக்குதவன் எதுக்கும்மா பாக்கணும்?" என்றேன்.

மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "காத்துச் சத்தம்தான் அண்ணாச்சி. கதவு ரப்பர் பழசாயிட்டு" என்றான். அதை நான் ஒத்துக்கொண்டேன். ரப்பர் தேய்ந்துபோனால் காற்று நுழையும். நியாயம். அதற்கு ஒரு வழி இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு? பீடிங். உள்ளே குழாய் மாதிரி ஓட்டை உள்ள ரப்பர் நாடா. ஒரு பக்கம் ஒட்டுகிற டேப் இருக்கும். சுருளாக விற்கிறார்கள். செல்போனில் வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள், எப்படி ஒட்டுவது என்று. நான் எல்லா வீடியோவும் பார்த்தேன். இந்திக்காரன் வீடியோவும் பார்த்தேன். மொழி எதற்கு, கையைப் பார்த்தால் புரிகிறது.

கதவு ஓரத்தைப் பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும். ஈரம் இருக்கக் கூடாது. டேப்பை உரித்து, ரப்பரை இழுக்காமல், தளர்த்தாமல், கட்டை விரலால் அமுக்கிக்கொண்டே போக வேண்டும். இழுத்து ஒட்டினால் பிறகு சுருங்கிப் பிய்ந்துகொள்ளும். மூலைகளில் வெட்டக் கூடாது, வளைத்துக் கொண்டுபோக வேண்டும். நானே செய்தேன். வீடியோவில் ஒரு வரி போதும் என்றுதான் சொன்னான். ஒரு வரிக்குப் பாதிச் சத்தம் குறையும் என்றால் இரண்டு வரிக்கு முழுச் சத்தமும் போய்விட வேண்டாமா? கதவில் ஒரு வரி, கதவு வந்து உட்காருகிற சட்டத்தில் ஒரு வரி. இரண்டும் ஒன்றோடொன்று அமுங்கும். எறும்பு நுழையாது.

புளியங்குடி வந்துவிட்டது. எலுமிச்சம்பழ மூட்டை ஏற்றுகிறார்கள், கொஞ்ச நேரம் நிற்கும். தண்ணீர் குடிக்கிறீர்களா? வேண்டாமா? சரி.

கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது முக்கியம். என் வண்டியில் யார் ஏறினாலும் முதலில் ஒன்று சொல்லிவிடுவேன், கதவை மெதுவாகச் சாத்துங்கள் என்று. நம் ஆட்களுக்குக் கார்க் கதவு என்றால் லாரிக் கதவு என்று நினைப்பு. அறைந்தால்தான் திருப்தி. கீல் என்னத்துக்கு ஆகும்? பூட்டு என்னத்துக்கு ஆகும்? இந்த நெல்லையப்பன் ஒரு தடவை ஒரு கல்யாண வீட்டு வாசலில் இறங்கி அறைந்தான் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்த்தது. நான் அவனைக் கூப்பிட்டு, மறுபடி திறக்கச் சொல்லி, மறுபடி சாத்தச் சொன்னேன். அவன் சம்பந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "என்ன அத்தான், கதவா, கண்ணாடி வளையலா?" என்றான். ஆனாலும் மெதுவாகச் சாத்தினான். அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் உள்ளே இருக்கிறது. எனக்குத் தெரியும்.

வடிவுக்கு மட்டும் நான் சொல்லவே வேண்டாம். பழகிவிட்டாள். ஆரம்பத்தில் நாலைந்து தடவை இறக்கி ஏற்றினேன், அவ்வளவுதான். இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து, கடைசியில் இடுப்பால் ஒரு தள்ளு. பால் சட்டியை மூடுகிற மாதிரி இருக்கும். சாத்தினாளா இல்லையா என்றே தெரியாது. அப்படி ஒருத்தி கிடைக்கமாட்டாள். நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பீடிங் ஒட்டிய பிறகு கதவு கொஞ்சம் முரண்டு பிடித்தது. ரப்பர் புதுசு, எதிர்த்துத் தள்ளும். என் கதவை உள்ளேயிருந்து நானே ஓங்கி இழுத்துக்கொள்வேன். வடிவிடமும் சொன்னேன், இனிமேல் கொஞ்சம் அழுத்திச் சாத்த வேண்டும் என்று. சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவளும் சாத்தினாள். டப் என்று ஒரு சத்தம் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை தம்பி. திரும்பித்தான் பார்த்தேன். மறுநாளிலிருந்து பழையபடி பால் சட்டி மூடுகிற மாதிரியே சாத்த ஆரம்பித்துவிட்டாள். அது என் தப்பா?

இன்னொன்று. கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், டிங் டிங் என்று மணியும் அடிக்கும். பீடிங் போட்ட நாளிலிருந்து அது ஓயாமல் அடித்தது. சத்தத்தைக் குறைக்க நான் பாடுபட்டால் வண்டியே சத்தம் போட்டால் எப்படி? ஒவ்வொரு கதவுத் தூணிலும் சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். கதவு அதை அமுக்கினால் மணி நிற்கும். நாலு பொத்தான் மேலேயும் ஒவ்வொரு துண்டு பீடிங்கை இறுக்கி ஒட்டினேன். பிறகு அடிக்கவில்லை. வண்டியைப் பொறுத்தவரை நாலு கதவும் எப்போதும் சாத்தியிருக்கிறது.

இவ்வளவும் செய்து, அந்த ஙீ போகவில்லை.

முன்னைவிட நன்றாகக் கேட்டது. வெளிச் சத்தமெல்லாம் அடங்கிப் போனதால் அது தனியாகத் தெரிந்தது. பின்னால் இடது பக்கத்துக் கதவிலிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்தேன். வடிவு அப்போதும் "எனக்குக் கேக்கலையேங்க" என்றாள். வாய்ப்பேச்சு வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம் என்று செல்போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்றை இறக்கினேன். முள் ஆடும், எண் காட்டும். அது பொய் சொல்லாது.

நெல்லையப்பன் மகளுக்கு வளைகாப்பு வந்தது. கடையநல்லூருக்குக் கிளம்பினோம். வடிவு பட்டுச்சேலை கட்டி, எப்போதும் போல முன் சீட்டில் ஏறப் போனாள். "பின்னால ஏறு, இடது பக்கம். போனைக் கதவோரமாப் பிடிச்சுக்கிட்டு வா" என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க இந்த வேலை?" என்றாள்.

"நல்ல ரோடு இன்னிக்குத்தான் கிடைச்சிருக்கு" என்றேன். ஏறிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். சத்தமே வரவில்லை.

சிவகிரி தாண்டினதும், "என்ன காட்டுது?" என்று கேட்டேன்.

"அறுபத்தெட்டு."

"இப்ப?"

"எழுபது. ஏங்க, இந்தக் கதவு..."

"பேசாத. நீ பேசுனா அதுவும் சேந்துல்லா ஏறும்? விரல்ல காட்டு."

அவளுக்குத்தான் சாடை தெரியுமே. கண்ணாடியில் பார்த்தேன். ஏழு விரல் காட்டினாள், பிறகு நாலு. எழுபத்துநாலு. பீடிங் போட்ட வண்டியில் எழுபத்துநாலு எப்படி வரும்? எனக்கு எரிச்சல். அவள் சேலை சரசரக்கிறது, அதைத்தான் பிடிக்கிறது என்று நினைத்தேன். "ஆடாம இரு" என்றேன். அப்போது அவள் ஆள்காட்டி விரலால் கதவைக் காட்டி மணிக்கட்டை உதறினாள்.

தம்பி, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை நாள் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னவள், அவளாகவே காட்டுகிறாள், இங்கே சத்தம் சரியில்லை என்று. "அப்படிச் சொல்லு! அங்கதான்! இதைத்தான நானும் சொல்லிட்டு வாரேன்!" என்றேன். மறுபடியும் உதறினாள். மறுபடியும். "தெரியுது, தெரியுது. காதை வச்சுக் கேளு" என்றேன்.

வளைவு வந்தது. வலது பக்கம் ஒன்று, உடனே இடது பக்கம் ஒன்று. எதிரே ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். அவன் தாண்டும்போது காற்று ஓர் அறை அறைந்தது. பள்ளத்தில் விழுந்த மாதிரி ஒரு தட்டுத் தட்டியது. இடது பக்கம் ஒடித்தேன். பின்னால் டம் என்றது.

அதற்கப்புறம் அமைதி.

எப்படிச் சொல்வது உங்களுக்கு? நான் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதே இல்லை. காற்று இல்லை, டயர் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஙீகூட எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. கம்பளியைப் போட்டு மூடின மாதிரி. பீடிங் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறது, புதுசு அல்லவா, வளைவில் அழுத்தம் கிடைத்ததும் சரியாகப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். "வடிவு, இப்ப எவ்வளவு காட்டுது?" என்றேன். பதில் இல்லை. நானே பேசாதே என்று சொல்லியிருக்கிறேன், அவள் சொன்னால் கேட்கிறவள். கண்ணாடியில் தெரியவில்லை. வளைந்து வளைந்து வந்ததில் தலை சுற்றி சீட்டில் படுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கு அப்படி வரும். எழுப்ப வேண்டாம் என்று மெதுவாகத்தான் ஓட்டினேன்.

வாசுதேவநல்லூர். இறங்குகிறவர்கள் இறங்கட்டும். அதோ அந்தப் பூக்கடை தெரிகிறதா, பச்சைத் தார்ப்பாய்? அங்கேதான் நிறுத்தினேன். வளைகாப்புக்குப் பூ வாங்க வேண்டும் என்று அவள் புறப்படும்போதே சொல்லியிருந்தாள். "வடிவு, இறங்கு, பூ வாங்கு" என்று திரும்பிப் பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை. போன் மட்டும் கீழே கால் வைக்கிற இடத்தில் கிடந்தது. நாற்பத்தொன்று காட்டியது. பூட்டின வீட்டுக்குள் அவ்வளவுதான் காட்டும். கதவைப் பார்த்தேன், நன்றாகச் சாத்தியிருந்தது. லாரிக் காற்று கதவைத் திறந்திருக்கிறது, அந்த இடது வளைவு அறைந்து சாத்தியிருக்கிறது.

பூக்காரம்மா, "என்ன அண்ணாச்சி தேடுதீங்க?" என்றாள். "வீட்டுக்காரி" என்றேன். அவள் சிரித்தாள். தமாஷ் என்று நினைத்துக்கொண்டாள்.

வண்டியைத் திருப்பினேன். எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. அந்த இடத்தில் கூட்டம். எலுமிச்சம்பழ வேன்காரர்கள் தூக்கிப் போட்டுத் தென்காசிக்குக் கொண்டு போய்விட்டார்கள். அந்த வேன் என்னை எதிரே தாண்டித்தான் போயிருக்கிறது. ஹாரன் அடித்துக்கொண்டே போயிருப்பார்கள். ரோட்டில் ஒரு செருப்பும் கொஞ்சம் எலுமிச்சம்பழமும் கிடந்தது.

பஸ் கிளம்பிவிட்டது. அந்த வளைவு இனிமேல்தான் வரும். வந்ததும் காட்டுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்து விசாரித்தார். "கதவு எப்படிங்க திறந்துச்சு?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். "அவ சரியாச் சாத்தலை" என்றேன். அவர் வடிவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக் கிடந்தாள், மூக்கில் குழாய். மயக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். நெல்லையப்பன் பக்கத்தில் நின்றான், வளைகாப்புக்குக் கட்டின பட்டு வேட்டியோடு. வருகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். நானும் எத்தனை பேரிடம் வேறு வேறாகச் சொல்வது? சாத்தத் தெரியவில்லை, விழுந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். அதில் பொய் என்ன இருக்கிறது? கதவு தானாகவா திறக்கும்?

கண் திறந்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை. வலி என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நெல்லையப்பன் அவளை நேராகக் கடையநல்லூருக்குக் கூட்டிப் போனான். பக்கம் என்றான். சரி, பக்கம்தான். பிறகு நான் போன் செய்தால் தூங்குகிறாள் என்பான், குளிக்கிறாள் என்பான். அவன் வீட்டில் குளிக்கிறதும் தூங்குகிறதும் தவிர வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

இதோ. இதுதான் அந்த வளைவு. புளியமரத்துக்கு இந்தப் பக்கம். எட்டிப் பாருங்கள். அந்தச் சரளைக் கல் கிடக்கிற இடம். என்ன? பூக்கடையிலிருந்து இவ்வளவு தூரமா என்கிறீர்களா? பஸ்ஸில் வந்தால் தூரம் அதிகமாகத் தெரியும். நிறுத்தி நிறுத்தி வருகிறான் அல்லவா.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். செண்பகா அம்மாவை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள் என்று காதில் விழுந்தது. அங்கே போய்விட்டால் வருவாளா? அவள் இல்லாத வீட்டில் இருந்து பார்த்துவிட்டேன். அதனால்தான் மச்சினன் சொன்னபடியே பஸ் ஏறினேன். மானம் பார்க்கவில்லை.

அவன் வாசலில் நின்றுகொண்டு, "வாங்க அத்தான்" என்றான். வாங்க என்று சொன்ன விதத்திலேயே போங்க என்று இருந்தது. வடிவு உள்ளே நாற்காலியில் இருந்தாள். மெலிந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"வீட்டுக்கு வா. இனிமே ஒரு பயமும் கிடையாது. எல்லாம் சரி பண்ணிட்டேன். பின் கதவு ரெண்டுலயும் சைல்டு லாக் போட்டாச்சு. நீ கதவைத் தொடவே வேண்டாம். நானே வெளிய நின்னு அறைஞ்சு சாத்துவேன். உள்ளேருந்து யாராலயும் திறக்க முடியாது."

நெல்லையப்பன், "ஆட்டைப் பட்டியில அடைச்சுக் கொண்டுபோற மாதிரி கொண்டுபோகப் போறீங்களாக்கும்" என்றான்.

"நீ சும்மா இருப்பா. புருஷன் பொண்டாட்டி பேசும்போது" என்றேன்.

"பேசுங்க. இப்பவாவது அக்காவைப் பேச விடுங்க."

வடிவு கையைத் தூக்கினாள், அவன் நிறுத்திக்கொண்டான். என்னிடம் கேட்டாள், "எதுவரைக்கும் போனீங்க?"

"எப்ப?"

"நான் விழுந்த பிறகு."

"உடனே நிறுத்திட்டேன்" என்றேன். எல்லாரிடமும் அப்படித்தானே சொல்லியிருக்கிறேன். இப்போது மாற்றிச் சொன்னால் குழப்பம் வரும்.

"நான் பார்த்துக்கிட்டேதான் கிடந்தேன். எழுந்திருக்க முடியலை, கண்ணு மட்டும் தெரிஞ்சுது. வண்டி போச்சு. சிறுசாகிச் சிறுசாகிப் போச்சு. இப்ப நிக்கும், இப்ப நிக்கும்னு பார்த்தேன். பின்னால சிவப்பு விளக்கு எரியவே இல்லை."

அது சரியில்லை தம்பி. மேலே போனதும் ஒரு வேகத்தடை இருக்கிறது. அங்கே பிரேக் போடாமல் யாராலும் போக முடியாது. அங்கே கண்டிப்பாக எரிந்திருக்கும். அதைச் சொன்னேன் அவளிடம். "வேகத்தடையில எரிஞ்சிருக்கும், நீ கவனிச்சிருக்க மாட்ட" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். நெல்லையப்பன் எழுந்து வெளியே போய்விட்டான். பின்கட்டில் யாரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள்.

பிறகு அவள் கேட்டாள், "அந்தச் சத்தம் இப்பவும் கேக்குதா உங்களுக்கு?"

எனக்கு என்னமோ போலிருந்தது. எத்தனை பேர் வந்து போனார்கள், என் கஷ்டத்தை ஒருத்தர் கேட்டிருப்பார்களா? இடுப்பு முறிந்து கிடக்கிறவள் கேட்கிறாள். உள்ளதைச் சொன்னேன். "கேக்குது வடிவு. முன்னைக்கு இப்ப ஜாஸ்தி. வண்டியை எடுக்கதே இல்லை, இருந்தாலும் கேக்குது. வீட்ல யாருமில்லையா, ராத்திரியெல்லாம் அது ஒண்ணுதான் கேட்டுக்கிட்டே கிடக்கு."

"ம்" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, நெல்லையப்பன் பெண்சாதியிடம், "அவருக்கு இலை போடு. சாப்பிட்டுட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பட்டும்" என்றாள்.

இலை போட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்தேன். சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், அப்பளம், பாயசம்கூட. அவள் தூரத்திலிருந்தே, "ரசம் ஊத்து", "மோர் ஊத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் மற்றவர்கள் தட்டில் சாப்பிடுகிறார்கள். எனக்கு இலை. கோபம் இருக்கிறவள் இலை போடச் சொல்வாளா? பாயசம் வைக்கச் சொல்வாளா? நீங்கள் கல்யாணம் ஆனவரா? ஆனவர் என்றால் உங்களுக்குத் தெரியும். வாய் வரமாட்டேன் என்று சொல்லும், மனசு அப்படி இருக்காது.

வரமாட்டேன் என்று அவள் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை, அதையும் கவனியுங்கள். கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னாள். "அடுத்த தடவை வரும்போது என் ஆதார் கார்டும், பீரோவுல இருக்க சேலையெல்லாமும், தையல் மிஷினும் கொண்டு வந்திருங்க" என்றாள். அடுத்த தடவை! கேட்டீர்களா? அடுத்த தடவை வா என்றுதானே அர்த்தம்? ஓசூருக்குப் போகிறவள் தையல் மிஷினை எதற்குக் கேட்கிறாள்? சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, பொழுது போக வேண்டும், அவ்வளவுதான்.

சிவகிரி தாண்டிவிட்டோம். இன்னும் கொஞ்ச நேரம்தான். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே. பரவாயில்லை, யோசித்துச் சொல்லுங்கள்.

ஒரு சங்கடம் என்னவென்றால் மிஷினைப் பஸ்ஸில் ஏற்றமாட்டான். காரில்தான் கொண்டு போக வேண்டும். தெரு முனையில் நிறுத்திவிட்டு ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறேன், அதற்கு நெல்லையப்பனால் என்ன சொல்ல முடியும்? மேல் பாகத்தைத் தனியாகக் கழற்றிப் பின் சீட்டில்தான் வைக்க வேண்டும். வளைவில் சும்மா விட்டால் உருண்டு அடிபடும், நல்ல மிஷின், அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. போர்வையைச் சுற்றி, நடுவில் வைத்து, பெல்ட்டைப் போட்டு இறுக்கிவிட்டால் அசையாது. பின் சீட்டு பெல்ட் புதுசாகத்தான் இருக்கிறது. இதுவரை யாரும் போட்டதில்லை.